கஞ்சுரான் கிராமத்தில் தங்கலும் சைக்கிள் சுற்றும்: ஒரு மதிப்பீடு

இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் இருக்கும் யோக்யகர்த்தாவுக்குப் போகிறவர்கள் பொரோபுதூர், பிரம்பனான் பழங்கோயில்களைப் பார்த்து முடித்த பிறகு கையில் ஒரு நாள் மிச்சம் இருந்தால், தெற்கே பந்துல் மாவட்டத்தில் இருக்கும் கஞ்சுரானுக்குப் போங்கள். ஆனால் வாடகைக் காரில் போய் இறங்கி, தேவாலயத்தைப் படம் எடுத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் திரும்புவதாக இருந்தால் வேண்டாம். ஊருக்குள் ஒரு விவசாயி வீட்டில் இரவு தங்கி, விடிந்ததும் அவரோடு சைக்கிளில் வயல்வெளியைச் சுற்றினால்தான் இந்த ஊர் பிடிபடும். நாங்கள் அப்படித்தான் போனோம். நான் இங்கே எழுதுவது அந்தத் தங்கலையும் அந்தச் சுற்றையும் பற்றித்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டச்சுக் காலத்து ஊர் என்று கேள்விப்பட்டுப் போகிறவர்கள் தூண் வைத்த வெள்ளை பங்களாக்களையும் ஆலைப் புகைபோக்கியையும் மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். இங்கே கொண்டாங் லிபுரோ என்ற பெரிய சர்க்கரை ஆலை இருந்தது, 1912இல் அது ஜோசப், ஜூலியஸ் ஸ்முட்ஸர் என்ற டச்சுச் சகோதரர்கள் கைக்கு வந்தது, பின்னால் இந்தோனேசிய விடுதலைப் போரின்போது எரிந்து அழிந்தும் போய்விட்டது. ஆலைப் பணத்தில் தொடங்கிய தேவாலயமும் ஆஸ்பத்திரியும்தான் இன்றும் இருக்கின்றன, அதிலும் தேவாலயம் பின்னால் திரும்பக் கட்டியது. மற்றதெல்லாம் நெல், கரும்பு, தென்னை, வாய்க்கால், ஓட்டு வீடுகள்.

அதனால்தான் கூட வந்து விளக்குகிற ஆள் இங்கே அவ்வளவு முக்கியம். எங்கள் வீட்டுக்காரர் அறுபதைத் தாண்டியவர், நாங்கள் அவரை 'பாக்' என்றுதான் கூப்பிட்டோம், நம் ஊர் 'ஐயா' மாதிரி. காலை ஆறு மணிக்கே சைக்கிளை எடுத்து வைத்துவிட்டார். முதலில் நிறுத்திய இடம் ஒரு சாதாரண வாய்க்கால் மதகு. நானாக வந்திருந்தால் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன், ஆனால் அங்கே நின்றுதான் சர்க்கரை ஆலைக் காலத்தின் மொத்தக் கதையையும் சொன்னார். ஜாவாவில் கரும்பைத் தனித் தோட்டம் போட்டு வளர்க்கவில்லை, நெல் விளைந்த அதே நஞ்சையை ஆலைக்காரர்கள் குத்தகைக்கு எடுத்து, நெல்லும் கரும்பும் மாறி மாறி வரும்படி சுழற்சி வைத்தார்கள். யோக்யகர்த்தா சுல்தானின் ஆட்சிப் பகுதி என்பதால் நிலத்துக்கு மேலுரிமை அரண்மனையிடம் இருந்தது, ஐரோப்பியர்கள் குத்தகை பேசியதும் அதன் வழியாகத்தான், உழுத குடும்பங்களிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. அப்புறம் தண்ணீர். ஜாவாவின் சர்க்கரை மாவட்டங்களில் பகல் தண்ணீர் கரும்புக்கு, இரவுத் தண்ணீர் நெல்லுக்கு என்று ஒரு முறை இருந்தது. பகல் முழுக்க ஆலைக்கு உழைத்தவன் இரவில் தன் வயலுக்கு மடை திறக்க விளக்கோடு வர வேண்டும். தன் தாத்தா அப்படி வாய்க்கால் வரப்பில் உட்கார்ந்து கழித்த இரவுகளைப் பாக் நிதானமாகச் சொன்னபோது எங்களில் யாருக்கும் பேச்சு வரவில்லை. எந்த அருங்காட்சியகத்திலும் இதை இவ்வளவு தெளிவாக நான் கேட்டதில்லை.

ஸ்முட்ஸர்கள் பற்றியும் அவர் பூசி மெழுகாமல் பேசினார். அவர்கள் கத்தோலிக்கர்கள், தொழிலாளர் உரிமை பற்றிப் போப் பதின்மூன்றாம் லியோ 1891இல் எழுதிய சுற்றுமடலைப் படித்து, அதன்படி ஆலை லாபத்தில் தொழிலாளர்களுக்குப் பங்கு கொடுக்க முயன்றவர்கள், அந்தக் காலத்தில் அது அபூர்வம். ஜூலியஸின் மனைவி கரோலின் ஊருக்குள் வைத்தியம் பார்க்க ஆரம்பித்ததுதான் இன்றைய எலிசபெத் மருத்துவமனை. யோக்யகர்த்தா நகரத்தில் இன்று எல்லோரும் அறிந்த பந்தி ராப்பி மருத்துவமனைக்கும் 1928இல் அடிக்கல் வைத்தவர் அவர்தான். இதையெல்லாம் மரியாதையோடு சொல்லிவிட்டு, ஆனாலும் கரும்பு நட்டது எங்கள் நெல் வயலில்தான் என்று பாக் முடித்தார். இரண்டையும் சேர்த்துச் சொல்லும் ஆள் கிடைப்பது பெரிய விஷயம்.

தேவாலயம் முதலில் 1924இல் கட்டியது. அதற்குப் பக்கத்திலேயே 1927இல் ஒரு சண்டி (ஜாவாவில் பழைய கற்கோயிலை அப்படித்தான் சொல்கிறார்கள்) எழுப்ப ஆரம்பித்தார்கள், பழைய ஜாவா இந்துக் கோயில் வடிவத்தில், கல்லால். படியேறிப் போனால் கருவறை போன்ற சிறிய அறைக்குள் ஜாவா அரசர் கோலத்தில் இயேசு அமர்ந்திருக்கிறார். தேவாலயத்துக்குள் மாதாவும் ஜாவா அரசி போலத்தான், தேவதூதர்கள் வாயாங் என்ற ஜாவா நாட்டிய நாடகத்தின் நடனக்காரர்களைப் போல. இந்தச் சிற்பங்களைச் செய்தவர் ஈகோ என்பவர், மேற்கு ஜாவாவின் சுண்டா இனத்தவர், முஸ்லிம். வேளாங்கண்ணியில் புடவை சாத்திய மாதாவைப் பார்த்துப் பழகிய நமக்கு இது அந்நியமாகத் தெரியாது, சட்டென்று ஒட்டிக்கொள்ளும். சண்டியின் அருகே குழாய்களில் வரும் தண்ணீரைப் புனிதமாக நினைத்து மக்கள் பாட்டில்களில் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

இப்போது நீங்கள் பார்க்கும் தேவாலயக் கட்டடம் பழையது இல்லை. 2006 மே 27 அதிகாலை வந்த நிலநடுக்கத்தில் பந்துல் மாவட்டம்தான் அதிகம் அடிபட்டது, 5,700க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், தேவாலயமும் இடிந்தது, சண்டி தப்பியது. மறுபடி கட்டும்போது ஐரோப்பிய வடிவத்தை விட்டுவிட்டு, ஜாவாவின் ஜோக்லோ பாணியில் பெரிய மரத் தூண்களும் திறந்த பக்கங்களுமாகக் கட்டியிருக்கிறார்கள். காற்று அப்படி வருகிறது. என் கண்ணுக்குப் புதியதுதான் இந்த ஊருக்குப் பொருத்தமாக இருக்கிறது.

இன்னொரு விஷயத்தைப் பயண வழிகாட்டிகள் அதிகம் சொல்வதில்லை. 1990இல் உலக உணவு தினத்தை ஒட்டி இங்கே விவசாயிகள் கூடி ஓர் அறிவிப்பு வெளியிட்டார்கள், கஞ்சுரான் பிரகடனம் என்று பெயர். பங்குத்தந்தை உத்தோமோ முன்னின்று நடத்தியது. அதிபர் சுகார்த்தோ ஆட்சியில் வீரிய நெல்லும் ரசாயன உரமும் மேலிருந்து திணிக்கப்பட்ட காலம் அது, அப்போது மண்ணைக் கெடுக்காத, விவசாயிக்குக் கட்டுப்படியாகிற, ஊர்ப் பண்பாட்டோடு பொருந்துகிற, நியாயமான விவசாயம் வேண்டும் என்று கேட்டார்கள். பாக் தன் வயலில் ஒரு பகுதியில் இன்றும் சாணமும் தழையும் மட்டும் போட்டு நெல் வைக்கிறார், அந்த அரிசிச் சோறுதான் எங்களுக்கு இரவில் பரிமாறினார்கள்.

சாப்பாடு பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை. பக்கத்துப் புண்டோங் பகுதியின் மிதெஸ் வாங்கித் தந்தார்கள், மரவள்ளி மாவில் செய்த தடித்த நூடுல்ஸ், நல்ல காரம், நம் நாக்குக்கு ஏற்றது. தேங்காயும் சர்க்கரையும் சேர்த்துச் செய்யும் கெப்லாக் மட்டும் எனக்குத் திகட்டியது, ஒன்றுக்கு மேல் முடியவில்லை.

அறை சுமார்தான். சுத்தமாக இருந்தது, ஆனால் ஏசி கிடையாது, குளிக்கத் தொட்டியில் இருந்து மொண்டுதான் ஊற்ற வேண்டும், கொசுவலையில் ஓட்டை இருந்தது, சொன்னதும் மாற்றித் தந்தார்கள் என்றாலும் முதலிலேயே பார்த்திருக்கலாம். சைக்கிள்களில் ஒன்றுக்குப் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை, குழந்தைகளோடு போகிறவர்கள் கிளம்பும் முன் அழுத்திப் பாருங்கள். வீட்டில் ஆங்கிலம் குறைவு, பாக்கின் மகள் இருந்ததால் சமாளித்தோம். எங்கள் கண்ணில் பட்ட தகவல் பலகைகளும் இந்தோனேசிய மொழியில்தான் இருந்தன. அதனால் பதிவு செய்யும்போதே மொழிபெயர்க்க ஆள் உண்டா என்று கேட்டுவிடுங்கள், இல்லையென்றால் மதகுக் கதை உங்களுக்குக் கிடைக்காது, வெறும் சைக்கிள் சவாரிதான் மிஞ்சும்.

மாதத்தின் முதல் வெள்ளியை ஒட்டிப் போனால் சண்டி முன்னால் நடக்கும் இரவுத் திருப்பலியைப் பார்க்கலாம், ஆனால் கூட்டம் அதிகம், தங்க வீடு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். அமைதி வேண்டும் என்பவர்கள் அந்த நாட்களைத் தவிர்க்கலாம். நவம்பர் முதல் மார்ச் வரை மழை, வரப்புகள் வழுக்கும். மே மாதத்துக்குப் பிறகு போனால் கரும்பு வெட்டு நடக்கும். நகரத்திலிருந்து இருபது கிலோமீட்டர் அளவுதான், சமாஸ் கடற்கரைக்குப் போகும் சாலை. கையில் ரூபியா நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள், அந்த வீட்டில் கார்டு வாங்க மாட்டார்கள்.