58,000 ரூபாய்க்கு ரெக்சின்: கார் சீட்டுக்கு லெதர் போடப் போகிறவர்கள் கவனத்துக்கு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் "போய்த் தொலையட்டும்" என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வேன். தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 58,000 ரூபாய். ஐந்து பேர் உட்காரும் சாதாரண காருக்கு, "ஒரிஜினல் லெதர்" சீட் கவர் என்று நம்பிக் கொடுத்தது.

கடையின் பெயரைப் போடவில்லை. வக்கீல் நோட்டீஸ் வரும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். சென்னையில் கார் அக்சசரீஸ் கடைகள் வரிசையாக இருக்கும் ஒரு தெருவில், கண்ணாடிக் கதவும் ஏசியும் உள்ள கடை. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

போன மாதம் ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது மகள் பின் சீட்டில் வாந்தி எடுத்துவிட்டாள். துணி சீட். என்ன தேய்த்தும் கறை முழுதாகப் போகவில்லை. லெதர் என்றால் துடைத்துவிட்டுப் போகலாமே என்று தோன்றியது. ஆபீஸில் கூட வேலை பார்ப்பவர் காரில் டேன் கலர் சீட்டைப் பார்த்ததிலிருந்து எனக்கும் ஓர் ஆசை இருந்தது, அதையும் மறைக்க வேண்டாம்.

கடைக்காரர் விற்கவே முயலவில்லை, அதுதான் விஷயம். முதலில் டீ வரவழைத்தார். 7,000 ரூபாய் ரகம் ஒன்றைக் காட்டி, "இது ரெக்சின் சார், நம்ம ஊர் வெயிலுக்கு வெடிச்சிடும், போடாதீங்க" என்றார். 14,000 ரூபாய் ரகத்தைக் காட்டி, "இதை எல்லாரும் நாப்பான்னு, அதாவது மெத்துன்னு இருக்கற ஒசத்தித் தோல்னு விப்பாங்க, இதுவும் பிளாஸ்டிக்தான், நான் பொய் சொல்ல மாட்டேன்" என்றார். தன் சரக்கையே மட்டம் தட்டும் மனிதரை எப்படிச் சந்தேகப்படுவது? அப்புறம் மேசை டிராயரிலிருந்து உள்ளங்கை அகலத் துண்டு ஒன்றை எடுத்தார். கையில் லைட்டரைக் கொடுத்து, "நீங்களே கொளுத்திப் பாருங்க" என்றார். கொளுத்தினேன். உருகவில்லை, சொட்டவில்லை, ஓரம் கருகியது. முடி பொசுங்கிய வாடை வந்தது. "பாத்தீங்களா, தோல்!" என்றார். உண்மைதான், அந்தத் துண்டு தோல்தான். என் காருக்குப் போட்டதுதான் வேறு.

அந்த இடத்தில்தான் விழுந்தேன். 30,000 முன்பணம். காலை பத்து மணிக்கு காரை விட்டேன், வாங்கும்போது இருட்டிவிட்டது. உள்ளே கமகமவென்று லெதர் வாசனை. (அந்த வாசனை ஸ்பிரேயாகவே கிடைக்கிறது என்று இப்போது தெரிகிறது.) மீதி 28,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன். மொத்தம் 58,000. கொடுத்த காகிதத்தின் தலைப்பில் "எஸ்டிமேட்" என்று இருந்தது, கீழே "சீட் கவர் செட் 1". லெதர் என்ற சொல்லும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன், பார்த்தும் ஒன்றும் உறைக்கவில்லை.

போன ஞாயிறு ஆம்பூரில் மனைவியின் பெரியப்பா வீட்டு விசேஷம். அவர் எனக்கு மாமா முறை, முப்பது வருடத்துக்கு மேல் தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்த்தவர். ஸ்டேஷன் வரை போய் வர என் காரில் முன் சீட்டில் உட்கார்ந்தார். இறங்கியதும் சீட்டை ஒருமுறை தடவிவிட்டு, "மாப்ளே, இதுக்கு எவ்ளோ குடுத்தீங்க?" என்றார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

சீட்டுக்கு அடியில் கட்டியிருந்த ஓரத்தைப் பிரித்துத் திருப்பினார். பின்பக்கம் துணி. பஞ்சு ஒட்டித் தைத்தால் நல்ல லெதருக்கும் பின்னால் துணி வருமாம், அதனால் அதோடு விடவில்லை. வெட்டிய விளிம்பை நகத்தால் கீறினார். மேலே மெல்லிய பிளாஸ்டிக் ஏடு தனியாக உரிந்து வந்தது, அடியில் பின்னல் துணி. தோலாக இருந்தால் விளிம்பில் நாரும் தும்புமாக, பஞ்சு பிய்ந்ததுபோல் இருக்குமாம். பிறகு டிரைவர் சீட்டில் ஒரு சுருக்கத்தின் மேல் விரலை வைத்தார். பின் சீட்டில் அச்சு அசலாக அதே சுருக்கம். "ரெண்டு மாட்டுக்கு ஒரே எடத்துல ஒரே சுருக்கம் விழுமா மாப்ளே?"

விழாது. உண்மைத் தோலில் கழுத்துப் பக்கம் ஒரு மாதிரி, வயிற்றுப் பக்கம் ஒரு மாதிரி, உண்ணி கடித்த தழும்புகூட இருக்கும். செயற்கையில் உருளையால் அச்சு அடிப்பதால் ஒரே கோலம் திரும்பத் திரும்ப வரும். அவர் கேட்ட இன்னொரு கேள்விதான் என்னைக் கொன்றது: "கடையில உருளையா சுத்தி வெச்சிருந்தாங்களா?" ஆமாம், சுவரோரமாக இருபது உருளைகள் நின்றன. தோல் அப்படி வராது. மாட்டின் உருவத்திலேயே கோணல்மாணலாக வரும், சதுர அடிக் கணக்கில் விலை. மீட்டர் கணக்கில் அளந்து வெட்டினால் அது ரெக்சின்தான். கண் முன்னால் நின்றிருக்கிறது, நான் டீ குடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

செயற்கைத் தோல் மட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. பென்ஸ் கம்பெனியே ஆர்டிகோ என்று பெயர் வைத்து அதைப் போடுகிறது, ஆனால் செயற்கை என்று சொல்லித்தான் விற்கிறது. பல கார்களில் "லெதர் சீட்" என்பதுகூட உடம்பு படும் இடத்தில் மட்டும்தான் தோல், பக்கவாட்டில் வினைல் என்ற பிளாஸ்டிக். செயற்கைத் தோல் துடைக்கச் சுலபம், விலை குறைவு. ஆனால் அதில் பிவிசி என்ற பிளாஸ்டிக் ரகம் காற்றை விடாது, முதுகு நனையும். அதை மிருதுவாக வைத்திருக்கும் பொருள் வெயிலில் மெல்ல வெளியேறிவிட்டால் விறைத்து வெடிக்கும். பியூ (பாலியூரித்தேன்) என்ற இன்னொரு செயற்கை ரகம் தொட மென்மையாக இருக்கும், மலிவு ரகம் என்றால் நம் ஈரக் காற்றிலேயே அரித்துச் செதில் செதிலாக உரியும். உண்மைத் தோலையும் கவனிக்காமல் விட்டால் காய்ந்து கீறல் விடும், மே மாத வெயிலில் அதுவும் சுடத்தான் செய்யும். இதையெல்லாம் சொல்லி 14,000 ரூபாய் ரகத்தை விற்றிருந்தால் நானே சந்தோஷமாகப் போட்டிருப்பேன். எனக்குக் கிடைத்தது அந்த ரகமா, 7,000 ரகமா என்றுகூடத் தெரியவில்லை. கொடுத்தது 58,000.

திங்கள் காலை போன் செய்தேன். "ஓனர் வெளியூர் சார்." மதியம்: "மாஸ்டரைக் கேட்டுச் சொல்றோம், அவர் ஊருக்குப் போயிருக்கார்." சாயங்காலம் ஓனரே எடுத்தார். "சார், இது ஜெனியூன் ஆர்ட் லெதர், நான் அப்படித்தானே சொன்னேன்?" ஆர்ட் லெதர்! ஆர்டிஃபிஷியல், அதாவது செயற்கைத் தோல் என்பதன் சுருக்கம். டீ குடித்த அன்று அந்தச் சொல் அவர் வாயில் வரவே இல்லை. உரிந்த விளிம்பைப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

செவ்வாய் லீவு போட்டு நேரில் போனேன். உள்ளே நுழையும்போதே முடி பொசுங்கும் வாடை. என் வயதுக்காரர் ஒருவர், கையில் அதே லைட்டர், பக்கத்தில் டீ. "சார், நம்பாதீங்க" என்று ஆரம்பித்தேன். ஓனர் என் தோளில் கை போட்டு, ஏதோ சொந்தக்காரனை அழைத்துப் போவதுபோல் வெளியே கூட்டிவந்தார். "சார், வியாபார நேரம். உங்களுக்கு ஸ்டியரிங் கவர் ஃப்ரீயா போட்டுத் தரேன்." 58,000 ரூபாய்க்கு ஸ்டியரிங் கவர்! திரும்பிப் பார்த்தபோது அந்த மனிதர் போனை எடுத்துப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தார்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். பில் கேட்டார்கள், என்னிடம் "எஸ்டிமேட்"தான் இருக்கிறது. ஜிபே விவரத்தை வைத்துப் பார்ப்போம்.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. சாம்பிளைக் கொளுத்தி ஏமாறாதீர்கள், உங்கள் காருக்கு வெட்டப்போகும் துண்டின் விளிம்பைப் பாருங்கள். பில்லில் என்ன பொருள் என்று எழுதி வாங்குங்கள். பகலில் டெலிவரி எடுங்கள். இன்னொன்று, இது பணத்தைவிடப் பெரிது: சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் என்று சின்ன லேபிள் இருந்தால், அந்தப் பக்கத் தையல் ஏர்பேக் விரியும்போது பிரியும்படி தனியாகத் தைத்திருக்க வேண்டும். என் காரில் லேபிளையே மூடிக் கெட்டித் தையல் போட்டிருக்கிறார்கள். நேற்று சர்வீஸ் சென்டரில் காட்டியபோதுதான் தெரிந்தது. மகள் சில நாள் முன் சீட்டில் உட்காருவாள்.

நாளைக் காலை எல்லாவற்றையும் கழற்றப் போகிறேன். அடியில் கம்பெனி கொடுத்த துணி சீட் அப்படியே இருக்கிறது. பின்னால் அந்த ஒரு கறையைத் தவிர அதில் ஒரு குறையும் இருந்ததில்லை.