முகவரா, செயலியா, கட்டணம் வாங்கும் திட்டமிடுபவரா?

நிதித் திட்டமிடுபவர் என்றால் பங்குச் சந்தையின் போக்கை முன்கூட்டியே அறிந்தவர் என்று நினைத்துத்தான் பலரும் என்னிடம் வருகிறார்கள். உட்கார்ந்ததுமே "எதில் போட்டால் நல்ல வருமானம் வரும்?" என்று கேட்பார்கள். நான் முதலில் கேட்பது வேறு: "நாளைக்கு நீங்கள் இல்லையென்றால், பாலிசிப் பத்திரங்கள் எங்கே இருக்கின்றன என்று வீட்டில் யாருக்குத் தெரியும்?"

அப்படித்தான் ஒரு தம்பதியிடமும் கேட்டேன். கணவரின் கோப்பில் ஏழு ஆயுள் காப்பீட்டுப் பாலிசிகள் இருந்தன. ஏழின் தொகையையும் கூட்டினால் குடும்பத்தின் இரண்டு ஆண்டுச் செலவுக்குக்கூடக் காணாது. அவற்றில் இரண்டில், காலமாகிவிட்ட தாயாரின் பெயரே இன்னும் நாமினியாக இருந்தது. மனைவி அந்தத் தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

ஏழையும் விற்றது ஒரே முகவர். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வீடு தேடி வருகிறார், படிவத்தை நிரப்புகிறார், அவசரத்துக்கு ஓடி வருகிறார். ஆனால் ஒன்றை விற்றால்தான் அவருக்குக் கமிஷன். "முதலில் கடனை அடையுங்கள்" என்று சொல்வதற்கு அவருக்கு யாரும் பணம் தருவதில்லை. முதலீட்டு ஆலோசனைக்குக் கமிஷன் வாங்குவதை பிரிட்டன் 2012 முடிவோடு நிறுத்தியதும், நெதர்லாந்து 2013 தொடக்கத்தில் தடை விதித்ததும் இந்த முரண்பாட்டை மனத்தில் வைத்துத்தான்.

சொத்து மதிப்பில் ஆண்டுக்கு 1 சதவீதம் வாங்கும் ஆலோசகர் அடுத்தவர். சந்தை சரியும்போது பதற்றத்தில் எல்லாவற்றையும் விற்றுவிடாமல் தடுக்கிறார். அது பெரிய உதவி. ஆனால் கணக்கைப் பாருங்கள். 100 ரூபாய் ஆண்டுக்கு 7 சதவீதம் வளர்ந்தால் 30 ஆண்டுகளில் சுமார் 761 ரூபாய். அதில் 1 சதவீதம் கட்டணமாகப் போய் 6 சதவீதமே வளர்ந்தால் 574 தான். கிட்டத்தட்ட கால்வாசி போய்விடுகிறது.

கைப்பேசியில் முதலீடு செய்யும் செயலிகள் மலிவு. வயது, வருமானம், இழப்பைத் தாங்கும் மனம் ஆகியவற்றைக் கேட்டுவிட்டு, குறியீட்டு நிதிகளில், அதாவது சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் நிதிகளில், பணத்தைப் பிரித்துப் போடுகின்றன. குடும்பப் பொறுப்பு இல்லாத இளைஞருக்கு இதுவே போதும். என்னைத் தேடி வருபவர்களிலும் சிலரை அங்கேயே அனுப்பியிருக்கிறேன். ஆனால் நாமினி உயிரோடு இருக்கிறாரா என்று எந்தச் செயலியும் கேட்டு நான் பார்த்ததில்லை.

நான் செய்வது நான்காவது வகை: திட்டத்துக்கு இவ்வளவு என்று கட்டணம், கமிஷன் கிடையாது. வரவு செலவு, கடன், அவசர கால நிதி, காப்பீடு, ஓய்வுக்காலம், உயில் எல்லாவற்றையும் ஒரே மேசையில் வைத்து, எதை முதலில் செய்வது என்று வரிசைப்படுத்துவதுதான் என் வேலை. குறையும் உண்டு. சேமிப்பு சிறியதாக இருப்பவருக்கு இந்தக் கட்டணம் பாரம். திட்டத்தை எழுதித் தந்த பிறகு அதை நிறைவேற்றுவதும் வாடிக்கையாளர் கையில்தான். எத்தனையோ திட்டங்கள் இழுப்பறையிலேயே கிடக்கின்றன.

இருந்தாலும் கடனும் குழந்தைகளும் வயதான பெற்றோரும் உள்ள குடும்பத்துக்கு இந்த வகையைத்தான் சொல்வேன். யாரிடம் போனாலும், "இந்த ஆலோசனையால் உங்களுக்கு யாரிடமிருந்து, எவ்வளவு வருகிறது?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தத் தம்பதி அன்று புதிதாக எதையும் வாங்கவில்லை. நாமினி மாற்றத்துக்கான இரண்டு படிவங்களை நிரப்பினோம். ஏழு பாலிசி எண்களையும் மனைவி தன் குறிப்பேட்டில் தானே எழுதிக்கொண்டார்.