ஸ்டீவன் மினிஸ்ட்ரி: உங்கள் சபையில் தொடங்கலாமா?

அடக்க ஆராதனை நடந்த வாரத்தில் வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். சாப்பாடு வரும், ஜெபக்குழு வரும், போதகர் இரண்டு தடவை வந்து போவார். மூன்றாவது மாதம் வாசல் வெறிச்சென்று இருக்கும். அந்த மூன்றாவது மாதத்துக்கு ஆள் அனுப்பவென்றே அமெரிக்கச் சபைகளில் இருக்கும் ஏற்பாடுதான் ஸ்டீவன் மினிஸ்ட்ரி. அங்கே பிள்ளைகுட்டிகளோடு சபைக்குப் போகும் நம்மவர்கள் பலரும் அறிவிப்புத்தாளில் இந்தப் பெயரைப் பார்த்திருப்பார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்கள் குறைவு.

1975-இல் செயின்ட் லூயிஸ் நகரத்தில் கென்னத் ஹாக் இதைத் தொடங்கினார். லுத்தரன் போதகரான அவர் மருத்துவ உளவியல் படித்தவரும்கூட. துயரப்படும் ஒவ்வொரு வீட்டுக்கும் தான் ஒருவரே போய்ச் சேர முடியாது என்று கண்டு, சபையார் ஒன்பது பேருக்குப் பயிற்சி கொடுத்தார். பெயர் அப்போஸ்தலர் 6-இல் வரும் ஸ்தேவானுடையது. விதவைகளின் ‘அன்றாட விசாரணை’க்காக ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்களே, அதே வேலை. ‘விசாரணை’ என்ற அந்தச் சொல்லே இந்த ஊழியத்துக்குப் பொருத்தமான பெயர். போய்ப் பார்த்து நலம் விசாரிப்பதுதான் இதில் முழு வேலையும்.

சபை, இந்த ஊழியத்தை நடத்தும் அமைப்பிடம் கட்டணம் கட்டிப் பதிவு செய்கிறது. பிறகு ஒரு சிலரைத் தலைவர்களாகத் தேர்ந்து தலைமைப் பயிற்சிக்கு அனுப்புகிறது. அவர்கள் திரும்பி வந்து சபையாரில் தெரிந்தெடுத்தவர்களுக்கு 50 மணி நேரம் கற்றுக்கொடுக்கிறார்கள். வாரம் இரண்டரை மணி என்று வைத்தால் இருபது வாரம் பிடிக்கும். பயிற்சி முடித்தவர் இரண்டு வருடம் ஊழியம் செய்வதாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவருக்கு ஒருவர்தான். வாரம் ஒரு சந்திப்பு, சுமார் ஒரு மணி நேரம். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். சந்திக்கப்படுகிறவர் ஒரு காசும் தரவேண்டாம்.

பயிற்சியில் பாதிக்கு மேல் வாயைக் கட்டுவதுதான். கேட்பது, உணர்வை அடையாளம் காண்பது, எல்லை வகுப்பது, ரகசியம் காப்பது; பிறகு மரணம், விவாகரத்து, மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் என்று ஒவ்வொன்றாக வரும். குணமாக்குவது கடவுள் வேலை, கூட இருப்பது நம் வேலை என்பது இவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் பாடம். நம் சபையாருக்கு இது லேசில் வராது. துக்க வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் ஏதோ குறை வைத்துவிட்டதுபோல நமக்குத் தோன்றும். உடனே ஒரு வசனம், ஒரு சாட்சி, ‘எல்லாம் நன்மைக்கே’. அந்த அம்மா சொல்ல வந்தது அதோடு நின்றுவிடும்.

‘ராத்திரி அவர் இருமுற சத்தம் கேட்குது அக்கா’ என்று கணவனை இழந்தவர் சொல்கிறார் என்று வைப்போம். ‘அப்படி நினைக்காதீங்க, அவர் ஆண்டவர்கிட்ட நிம்மதியா இருக்காரு’ என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. பயிற்சி பெற்றவர் ‘எந்த நேரத்தில கேட்குதும்மா?’ என்பார். இரண்டு மணிக்கு மாத்திரை கொடுக்க எழுந்த பழக்கம், ஒரு நாள் எழாமல் தூங்கிப்போனது, அதுதான் காரணமோ என்ற பயம் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். ஜெபம் அதற்குப் பிறகுதான், அதுவும் ‘ஜெபிக்கலாமாம்மா?’ என்று கேட்டுவிட்டு. ‘ஆண்டவரே, ரெண்டு மணிக்கு இவங்க முழிக்கிறப்போ கூட இருங்க’ என்று அவர் சொன்ன வார்த்தையையே எடுத்து ஜெபிக்க வேண்டும். இரண்டு நிமிடம் போதும். ஊருக்கெல்லாம் சேர்த்து இருபது நிமிடம் ஜெபித்தால், அவர் பாரம் எங்கே போனது என்று அவருக்கே தெரியாது.

ஆனால் இந்த ஊழியம் நிற்பதும் விழுவதும் பயிற்சியால் அல்ல, மாதம் இரண்டு முறை நடக்கும் மேற்பார்வைக் கூட்டத்தால். ஊழியர்கள் சிறு குழுவாக உட்காருவார்கள். ஒவ்வொருவரும் சந்திப்பு எப்படிப் போகிறது என்று சுருக்கமாகச் சொல்வார், யாராவது ஒருவர் விரிவாகச் சொல்வார். துயரத்தில் இருப்பவரின் பெயர் வராது, ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரமும் வராது. பேசுவது ஊழியரைப் பற்றி: ஏன் கோபம் வந்தது, ஏன் இரண்டு வாரமாகத் தள்ளிப்போட்டார், எந்த இடத்தில் புத்தி சொல்ல ஆரம்பித்தார். பயிற்சியை ஆர்வமாக முடித்துவிட்டு இந்தக் கூட்டத்தைச் சபைகள் மெல்லக் கைவிடுவதுண்டு. அப்போது தவறாமல் நடப்பது இரண்டு. ஊழியர் அந்த வீட்டின் டிரைவராகவும் சமையல்காரராகவும் மாறி ஆறு மாதத்தில் களைத்துப்போவார். இல்லையென்றால் அந்தத் துயரத்தை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்து தானும் அதில் மூழ்குவார். சேற்றுக்குழியில் கிடப்பவருக்குக் கை கொடுக்கலாம், ஆனால் ஒரு கையால் மரத்தைப் பிடித்திருக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்வார்கள். அந்த மரம் இந்தக் கூட்டம்தான். சாப்பாடு, மருத்துவமனைக்கு வண்டி, வாடகை உதவி எல்லாம் வேறு குழுவிடம் இருக்கட்டும்.

இன்னொரு குறை, ஆள் இருந்தும் வேலை இல்லாமல் போவது. பத்துப் பேர் பயிற்சி முடித்து ஒப்புக்கொடுத்தல் ஆராதனையும் நடந்திருக்கும், இரண்டு பேருக்குத்தான் சந்திக்க ஆள் கிடைத்திருக்கும். அறிவிப்பைப் பார்த்து யாரும் தானாக வரமாட்டார்கள். ‘எனக்கு ஆள் அனுப்புங்க’ என்று கேட்பது நம்மவர்களுக்கு இன்னும் கஷ்டம். போதகரே வீட்டில் போய், ‘வாரம் ஒருத்தர் வந்து உட்கார்ந்து பேசினா நல்லா இருக்குமா?’ என்று கேட்க வேண்டும். சரி என்று சொன்ன பிறகே பொறுப்பாளர் போய்ப் பார்த்து, யார் யாருக்குப் பொருந்துவார் என்று முடிவு செய்ய வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் ஆளை அனுப்பக்கூடாது.

ரகசியத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நாற்பது குடும்பம் உள்ள தமிழ்ச் சபையில் பெயரைச் சொல்லாவிட்டாலும் ஆள் யாரென்று தெரிந்துவிடும். அங்கே இதைத் தனியாகத் தொடங்காதீர்கள். அருகில் இருக்கும் பெரிய சபையோடு சேர்ந்து செய்யுங்கள், மேற்பார்வையையாவது அங்கே வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் ஜெபக்குறிப்பிலும் கவனம் வேண்டும். ‘சகோதரியின் குடும்பச் சமாதானத்துக்காக ஜெபியுங்கள்’ என்று ஒரு வரி போட்டால் போதும், அன்று மாலைக்குள் கதை ஊரைச் சுற்றிவிடும். கேட்டவர் எழுதிக் கொடுத்த வார்த்தையை மட்டும் போடுங்கள். அனுமதி இல்லாமல் எதுவும் வேண்டாம்.

ரகசியத்துக்கும் விலக்கு உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு வந்தாலோ, குழந்தையோ முதியவரோ துன்புறுத்தப்படுவது தெரிந்தாலோ மூடி வைக்கக்கூடாது. அன்றைக்கே போதகருக்குச் சொல்ல வேண்டும். தற்கொலை எண்ணம் என்றால் அமெரிக்காவில் 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அவர் பக்கத்தில் உட்கார்ந்தே அழைக்கலாம், ஆபத்து கண்ணெதிரே இருந்தால் அவசர எண் 911. இது முதல் சந்திப்பிலேயே சொல்லி வைக்க வேண்டிய விஷயம். நடுவில் சொன்னால் நம்பிக்கைத் துரோகமாகத் தெரியும்.

ஆகமொத்தம் இரண்டு நல்ல தலைவர்களும், மாதம் இரண்டு மாலைகளை விடாமல் ஒதுக்கும் மனமும் இருக்கிற சபைக்குச் செலவழிக்கும் பணம் வீண்போகாது. ஒரே ஒரு தலைவரை நம்பித் தொடங்க வேண்டாம். அவர் வேலை மாறி ஊரைவிட்டுப் போனால் எல்லாம் நின்றுவிடும்.

அவ்வளவுக்கு ஆள் இல்லாத சபைக்கும் ஸ்டீவன் மினிஸ்ட்ரி அமைப்பிடம் ஒன்று இருக்கிறது. துக்கத்தில் இருப்பவருக்குத் தபாலில் அனுப்ப நான்கு சிறு புத்தகங்கள்: இறந்த 3-ஆவது வாரம், 3-ஆவது மாதம், 6-ஆவது மாதம், 11-ஆவது மாதம். கடைசியை 11-இல் வைத்ததற்குக் காரணம், முதல் ஆண்டு நினைவுநாள் வருமுன் கையில் சேர வேண்டும் என்பதுதான். அடக்கம் முடிந்த அன்றே நான்கு உறைகளிலும் விலாசம் எழுதி, மூலையில் பென்சிலால் தேதி குறித்து அலமாரியில் வைத்துவிடுங்கள், அப்போதுதான் மறக்காது. ஆங்கிலம் வாசிக்காத பெரியவர்களுக்கு அதே நான்கு தேதிகளில் ஒருவர் போன் செய்யட்டும், நான்கு முறையும் அதே ஆள்.