காடை முட்டைக்கு தெர்மாகோல் பெட்டியா, காற்றாடி மெஷினா?

ஜப்பானியக் காடைக்கு அடை உட்காரும் குணமே அற்றுப்போய்விட்டது. கிடைத்த இடத்தில் முட்டையைப் போட்டுவிட்டு, தீவனத் தட்டைத் தேடிப் போய்விடும். அதனால் குஞ்சு வேண்டுமென்றால் அடைகோழி, தெர்மாகோல் பெட்டி, காற்றாடி வைத்த இன்குபேட்டர் (முட்டை பொரிக்கும் மெஷின்) இந்த மூன்றில் ஒன்றுதான் வழி. மூன்றையும் பார்த்துவிட்டு மெஷினில் வந்து நிற்கிறேன்.

அடைகோழியை ஒரே ஒரு தடவைதான் முயன்றேன். சிறுவிடைக் கோழிக்கு அடியில் 15 முட்டை. கால் பட்டே நாலு நொறுங்கிவிட்டது. ஒரு தடவையை வைத்து அதைக் குறை சொல்வது நியாயமில்லை. கரண்ட் பில் இல்லாத வழி அது ஒன்றுதான்.

தெர்மாகோல் பெட்டி மலிவு. பெட்டி, இரண்டு குண்டு பல்பு, சூட்டைக் கட்டுப்படுத்த ஒரு தெர்மோஸ்டாட், ஓரத்தில் தண்ணீர்க் கிண்ணம், அவ்வளவுதான். ஆனால் உள்ளே காற்று அசையாது. சூடு மேலே ஏறி நிற்கும், மூலையில் இருக்கும் முட்டை குளிர்ந்து கிடக்கும். அதனால் முட்டையின் மேல்மட்டத்தில் தெர்மாமீட்டரை வைத்து 101, 102 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். காற்றாடி மெஷினில் 99.5 போதும், எந்த மூலையிலும் ஏறக்குறைய அதே சூடு.

பொரிப்பு எண்ணிக்கையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. வித்தியாசம் பொரிக்கும் நேரத்தில்தான். பெட்டியில் 17ஆம் நாள் காலையில் முதல் குஞ்சு வந்தது, கடைசிக் குஞ்சு 19ஆம் நாள் சாயங்காலம். நடுவில் நான் பட்ட பாடு! காடைக் குஞ்சு பிறக்கும்போது ஏழெட்டு கிராம், கட்டைவிரல் பருமன். வயிற்றில் இருக்கும் மஞ்சள் கருவை வைத்து ஒரு நாள் தாங்கும், அதற்கு மேல் வாடும். முந்திப் பிறந்ததை எடுக்கப் பெட்டியைத் திறந்தால் ஈரப்பதம் சட்டென்று இறங்கி, ஓட்டைக் கொத்திக்கொண்டிருக்கும் குஞ்சின் மேல் சவ்வு காய்ந்து ஒட்டிக்கொள்ளும். கையால் உரித்துவிட்ட குஞ்சுகளில் ஒன்றுகூட மறுநாள் எழுந்து நிற்கவில்லை. திறக்காமல் விட்டாலோ முந்தியது தாகத்தில் சோர்ந்துவிடும். பிறந்த குஞ்சைப் பல்பு சூட்டில் வைத்து வளர்க்கும் புரூடருக்கு மாற்றிய பிறகும் தொல்லை ஓயாது. இரண்டு நாள் மூத்தது இளையதை மிதித்துக்கொண்டு பல்புக்கு அடியில் இடம் பிடிக்கும்.

மெஷினில் பெரும்பாலானவை ஒரே பகலில் வந்துவிடுகின்றன. 14ஆம் நாளோடு முட்டையைத் திருப்புவதை நிறுத்தி, தண்ணீர்த் தட்டை நிரப்பி மூடினால், பொரிப்பு முடிகிறவரை கதவைத் தொடுவதில்லை. எல்லாம் ஒரே வயசு, ஒன்றாகவே புரூடருக்குப் போகும். முதல் வாரச் சாவு எனக்குக் குறைந்தது இதனால்தான் என்று நம்புகிறேன்.

புரூடர் வேலை எதில் பொரித்தாலும் ஒன்றுதான். முதல் வாரம் 95 டிகிரி, பிறகு வாரத்துக்கு ஐந்து டிகிரி வீதம் குறைக்கலாம். தரையில் வழவழப்பான பேப்பர் வேண்டாம், கால் விரிந்துவிடும். கோணிச்சாக்கு போடுங்கள். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் கட்டாயம். பாட்டில் மூடியளவு தண்ணீரில் குஞ்சு மூழ்கிச் சாவதைப் பார்த்திருக்கிறேன்.

கரண்ட் போனால் மட்டும் தெர்மாகோலுக்குத்தான் என் ஓட்டு. மூடியபடியே விட்டால் சூட்டை நன்றாகப் பிடித்து வைக்கும். மெஷினுக்காக இன்வெர்ட்டர் வாங்கினேன், அந்தக் காசையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தவிர, மெஷினில் ஐந்து முறைதான் பொரிக்க வைத்திருக்கிறேன், அதுவும் ஐப்பசிக்கும் மாசிக்கும் நடுவில். சித்திரை வெயிலில் எப்படி ஓடும் என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

முப்பது, நாற்பது முட்டைக்கு மெஷின் தேவையில்லை. பழைய பெட்டியில் 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றை மாட்டித் தங்கச்சியிடம் கொடுத்திருக்கிறேன், தெர்மோஸ்டாட்டை 99.5-க்கு இறக்கிவைத்துவிட்டுத்தான்.