பேர் வைக்கிற புக்கு, 120 ரூபாய்க்கு ஓகே தான் ஆனா…

தங்கச்சிக்கு பொண்ணு பொறந்திருக்கு, பேர் செலக்ட் பண்ணுற வேலை என் தலையில, சரின்னு சேலம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு புக் கடையில 120 ரூபா குடுத்து உலகப் பேர்கள் அர்த்தத்தோடன்னு போட்டிருந்த புக்க வாங்கினேன்.

நல்லத மொதல்ல சொல்லிடறேன். ஐரீன்னா கிரேக்கத்துல சமாதானம், சோஃபியான்னா ஞானம், நூர்னா அரபியில வெளிச்சம், இதெல்லாம் கரெக்டா இருக்கு. நம்ம இப்ராஹிமும் ஆபிரகாமும் ஒரே பேரு, யூசுஃபும் ஜோசப்பும் ஒரே பேருன்னு ஒரு பக்கம் போட்டிருக்கான் பாருங்க, அது சூப்பர், அம்மா கூட கண்ணாடிய மாட்டிக்கிட்டு உக்காந்து படிச்சாங்க.

கடுப்பு என்னன்னா, அர்த்தம் தெரியாத பேருக்கெல்லாம் "அழகானவள்"னு போட்டு ஒப்பேத்திட்டான், ஒரே பக்கத்துல ஒம்போது அழகானவள் எண்ணினேன். தாமஸ்னா "வீரன்"னாம்! அது அராமிக்ங்கற பழைய மொழியில இரட்டையர்ல ஒருத்தர்னு அர்த்தம், பைபிள்லயே திதிமுன்னு கிரேக்கத்துல அதையே தான் சொல்லுவாங்க. ஏற்காட்டுல எங்க மாமா வீட்டுப் பக்கத்துல ரெண்டு தாமஸ் இருக்காங்க, படிச்சா சிரிப்பாங்க.

தமிழ் பேரு மொத்தமே நாலு பக்கம், ஏற்காடு இருக்கிற மலைக்கே பேரான சேர்வராயன் கூட இல்ல. பைண்டிங் வேற, மூணாவது நாளே 'ம' வரிசை கையோட வந்துடுச்சு.

அஞ்சுக்கு ரெண்டரை. பாப்பாவுக்கு கடைசில யாழினின்னு வச்சாச்சு, அது புக்குல இல்ல.