சின்ன க்ரூஸ் கப்பல்ல லீவுக்குப் போறீங்களா, பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

சின்ன க்ரூஸ் கப்பல்ல போலாம்னு யாராச்சும் பிளான் போட்டுட்டு இருந்தா, அட்வான்ஸ் கட்டுறதுக்கு முன்னாடி இதைக் கொஞ்சம் பொறுமையா படிங்க. கம்பெனி பேரு போடல, கார்டுல கட்டின பணத்தைத் திரும்பக் கேட்டு பேங்க்ல போட்ட டிஸ்ப்யூட் இன்னும் ஓடிட்டு இருக்கு, இன்பாக்ஸ்ல வந்தும் கேக்காதீங்க. பேரை விட அவங்க பண்ற விதம்தான் முக்கியம். எங்களுக்கு நடந்ததுல முக்கால்வாசி, அக்ரிமென்ட்லயே பொடி எழுத்துல எழுதி, அதுல நம்ம சம்மதத்தையும் வாங்கி வச்சுக்கிட்டு பண்றது. கம்பெனி பேரு மாறும், அந்தப் பொடி எழுத்து எல்லா இடத்துலயும் ஏறக்குறைய ஒண்ணுதான்.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், நான் சின்னக் கப்பலுக்கு எதிரி இல்ல. பெரிய கப்பல்னா ஐயாயிரம் பேரு, எங்க போனாலும் க்யூ, கரையில இறங்குறதுக்கே டோக்கன். நூறு இருநூறு பேரு போற கப்பல்ல அந்தத் தொல்லை இல்ல, பெரிய கப்பல் எட்டிப் பாக்கக்கூட முடியாத குட்டித் துறைமுகத்துக்கெல்லாம் உள்ள போகும். சில இடத்துக்கு சின்னக் கப்பல்தான் வழியே. அன்டார்டிகாவுல 500 பயணிகளுக்கு மேல ஏத்திட்டு வர்ற கப்பல் ஆளுங்களைக் கரையில இறக்கவே கூடாது, மத்த கப்பலும் ஒரு இடத்துல ஒரே நேரத்துல 100 பேருக்கு மேல இறக்கக் கூடாது. கலாபகஸ் தீவுகள்ல ஒரு கப்பலுக்கே அதிகபட்சம் 100 பயணிகள்தான். அதனால சின்னக் கப்பல்னு சொல்லி அதிக காசு கேக்குறதுல ஒரு நியாயம் இருக்கு. அந்த நியாயத்தை வச்சுத்தான் நம்ம தலையில மொளகா அரைக்கிறாங்க.

நாங்க புக் பண்ணது தீவு தீவா போற ஒரு ரூட். நான், வீட்டுக்காரர், அத்தை. அத்தைக்கு முட்டி தேய்மானம், அதனால லிஃப்ட் இருக்கான்னு ஏஜென்ட்கிட்ட மெயில்லயே கேட்டு, இருக்குன்னு பதிலும் வாங்கித்தான் பணம் கட்டினோம். அத்தைக்குத் தனி கேபின். இங்க ஒரு விஷயம், ரேட்னு போட்டிருக்கிறது எப்பவும் ஒரு கேபின்ல ரெண்டு பேருன்னு கணக்கு வச்சு தலைக்கு இவ்வளவுன்னு போடுறது, ஒருத்தர் தனியா இருந்தா சிங்கிள் சப்ளிமென்ட்னு மேல போடுவாங்க, அது சில கம்பெனில கிட்டத்தட்ட இன்னொரு டிக்கெட் காசு வரைக்கும் வரும். சரி, கட்டினோம்.

கிளம்புறதுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது ஒரு மெயில். ஆபரேஷனல் காரணங்களால உங்க கப்பல் மாத்தப்பட்டிருக்கு, அதே தரத்துல வேற கப்பல், உங்க பயணம் இனிதாக அமைய வாழ்த்துக்கள். அவ்வளவுதான். ஏஜென்டுக்கு போன் பண்ணா, "மேடம் அதே ஸ்டார்தான் மேடம், சொல்லப்போனா இது அதைவிட கொஞ்சம் பெருசு, உங்களுக்கு லாபம்தான்"ங்கிறாரு. லிஃப்ட்? "இருக்கும் மேடம், எல்லா கப்பல்லயும் இருக்கும்." வேண்டாம், கேன்சல் பண்ணிக்கிறோம்னா, "இப்ப பண்ணா ஒத்த ரூபா வராது மேடம், டேட் தாண்டிடுச்சு." பாருங்க, முழுப் பணமும் திரும்ப வராத தேதி தாண்டின அப்புறம்தான் அந்த மெயிலே வருது. தற்செயலாம்.

எடுத்துப் பாத்தா அக்ரிமென்ட்ல தெளிவா இருக்கு, கம்பெனி தன் விருப்பப்படி இதே தரத்திலான வேறு கப்பலை அமர்த்தலாம், பாதையை மாத்தலாம், துறைமுகத்தை விடலாம், அதுக்கு இழப்பீடு கிடையாது. தரம்னா என்னன்னு எங்கயும் எழுதல. யாரு தீர்மானிக்கிறது, அவங்களேதான்.

துறைமுகத்துல போய் கப்பலைப் பாத்ததும் வீட்டுக்காரர் என் கையைப் பிடிச்சு முன்பக்கம் காட்டினாரு. கப்பல் பேரை பெரும்பாலும் வெறும் பெயின்ட்ல எழுத மாட்டாங்க, எழுத்தோட ஓரத்தை இரும்புலயே வெல்டு பண்ணி மேடாக்கி அதுக்கு மேல பெயின்ட் அடிப்பாங்க. இந்தக் கப்பல்ல புதுப் பேரு நீல பெயின்ட்ல பளபளன்னு இருக்கு, அதுக்கு அடியில வெள்ளை பெயின்டுக்குள்ள பழைய பேரோட எழுத்து மேடு மேடா அப்படியே தெரியுது, வெயில் சாய்வா பட்டதால நிழலோட வாசிக்கவே முடிஞ்சது. ஒரு பேரு இல்ல, அந்த மேட்டுக்குக் கீழ சுரண்டி எடுத்த இன்னொரு பேரோட தழும்பும் இருந்துச்சு.

இது எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டிய மேட்டர். கப்பலுக்குப் பேரை எத்தனை தடவை வேணாலும் மாத்தலாம், ஐஎம்ஓ நம்பர்னு கப்பலுக்குக் குடுக்கிற அடையாள நம்பர் மாறாது. ஏழு இலக்கம், கட்டினதுல இருந்து உடைக்கிற வரைக்கும் ஒரே நம்பர், கப்பல் உடம்புலயே எழுதியிருக்கணும். அந்த நம்பரைத் தேடினா எந்த வருஷம் கட்டினது, முன்னாடி என்னென்ன பேருல ஓடிச்சு எல்லாம் வந்துடும். புக்கிங் அப்பவே ஏஜென்ட்கிட்ட அந்த நம்பரைக் கேளுங்க, குடுக்க மாட்டேன்னு இழுத்தா அங்கயே நிறுத்திக்கோங்க. பழைய கப்பல்னாலே மோசம்னு சொல்ல வரல, நல்லா பராமரிச்ச பழசு எத்தனையோ நல்லா ஓடுது. ஆனா போன வருஷம் புதுப்பிச்சதுன்னு பிரோஷர்ல போட்டிருந்தா எதைப் புதுப்பிச்சாங்கன்னு கேக்கணும். எங்க கப்பல்ல புதுப்பிச்சது ரிசெப்ஷன் சோபாவும் கார்பெட்டும். லிஃப்ட் கிடையாது, செங்குத்தா இரும்புப் படிக்கட்டு, அத்தை கேபின் கீழ் தளத்துல, சாப்பாட்டு ஹால் மேல. ஒவ்வொரு வேளைக்கும் அவங்க ரெண்டு கையாலயும் கம்பியைப் பிடிச்சு ஒவ்வொரு படியா ஏறுறதை நீங்க பாக்கணும், எனக்கு இப்ப எழுதும்போதும் வயிறு எரியுது.

கேபின் கதைக்கு வரேன். நாங்க வாங்கினது கேரண்டி கேபின். பேரைக் கேட்டா என்னமோ நல்ல ரூம் கிடைக்கும்னு கேரண்டி குடுக்குற மாதிரி இருக்குல்ல, அர்த்தமே வேற, இந்த ரகத்துல ஏதோ ஒரு ரூம் நிச்சயம் உண்டு, எதுன்னு நாங்க முடிவு பண்ணுவோம், அவ்வளவுதான். மத்தவங்க பாத்துப் பாத்து எடுத்தது போக மிஞ்சினது நமக்கு. எங்களுக்கு மிஞ்சினது கப்பலோட மூக்குல, நங்கூரச் சங்கிலி ஓடுற இடத்தை ஒட்டி. போதாததுக்கு பௌ த்ரஸ்டர்னு ஒண்ணு, கப்பலைத் துறைமுகத்துல பக்கவாட்டுல தள்ளுறதுக்கு முன்பக்கம் தண்ணிக்குள்ள இருக்கிற ஒரு ப்ரொப்பெல்லர். சின்னக் கப்பல் ராத்திரி ஓடி விடிகாலைல துறைமுகத்துக்குள்ள நுழையும், அந்த நேரத்துல இதைப் போடுவான் பாருங்க, கட்டில், சுவரு, கண்ணாடி டம்ளர், பல்லு எல்லாம் சேர்ந்து நடுங்கும். அது முடிஞ்சு அப்பாடான்னு படுத்தா நங்கூரத்தை இறக்குவான். தலைமாட்டுல லாரியில இருந்து ஜல்லி கொட்டுற சத்தம். பின்பக்கம் ரூம் எடுத்தா இன்ஜின் அதிர்வு. கப்பலோட நடுவுல, கீழ் தளத்துல இருக்கிற கேபின்லதான் ஆட்டம் கம்மி, வாந்தி வர்றவங்க அதைத்தான் நம்பர் சொல்லிக் கேட்டு வாங்கணும், ஆனா லிஃப்டையும் உறுதி பண்ணிட்டு.

ஓஷன் வியூன்னு தனியா காசு வாங்கினாங்க இல்லையா, அது தட்டு அளவுல ஒரு வட்டக் கண்ணாடி. கடல் கொஞ்சம் கரடுமுரடாச்சுன்னா ஒருத்தர் வந்து உள்பக்கமா இரும்பு மூடியைப் போட்டு முடுக்கிட்டுப் போயிடுவாரு. பாதுகாப்புக்காகச் செய்யறது, கீழ் தளத்து ஜன்னல்னா அப்படித்தான், தப்பு சொல்ல முடியாது. ஆனா அதை முன்னாடி சொல்லி வித்திருக்கணும்ல? பயணத்துல பாதி நாள் நாங்க பாத்த ஓஷன் அந்த இரும்பு மூடிதான்.

ஆட்டம்னதும் ஞாபகம் வருது. சின்னக் கப்பல் பெருசை விட அதிகமா ஆடும், இதை எந்த பிரோஷரும் சொல்லாது. ஸ்டெபிலைசர் இருக்குன்னு சொல்லுவாங்க, பக்கவாட்டுல நீட்டுற இறக்கை மாதிரி, ஆனா அந்த சாதா வகை கப்பல் ஓடும்போதுதான் உருப்படியா வேலை செய்யும், நங்கூரம் போட்டு நிக்கும்போது ஆட்டம் ஆட்டம்தான். மாத்திரை குமட்ட ஆரம்பிச்ச அப்புறம் போட்டா பிரயோஜனம் கம்மி, கிளம்புறதுக்கு முன்னாடியே போடணும், எது உங்களுக்கு ஆகும்னு டாக்டர்கிட்ட கேட்டு கையில எடுத்துட்டுப் போங்க. அங்க போய் வாங்கிக்கலாம்னு நினைக்காதீங்க. டாக்டர் வசதின்னு எங்க பிரோஷர்ல இருந்துச்சு, உள்ள போய்க் கேட்டா முதலுதவி கத்துக்கிட்ட ஒரு பையன், பாவம் அவனே பயந்துட்டு இருந்தான். நிறைய சின்னக் கப்பல்ல டாக்டரே கிடையாது, அவசரம்னா ஹெலிகாப்டரோ படகோ வந்து தூக்கிட்டுப் போகணும், அந்தச் செலவு இன்ஷூரன்ஸ்ல கவர் ஆகுதான்னு பாலிசியை எடுத்து வாசிச்சுப் பாருங்க.

இனி துறைமுகங்கள். பட்டியல்ல போட்டிருந்த தீவுல சிலதுக்குப் போகவே இல்ல. காத்து, அலைன்னா கேப்டன் முடிவுதான் கடைசி, அதுல சண்டை போடக் கூடாது, போடவும் இல்ல. துறைமுகத்துக்குள்ள போய் கட்டாம வெளிய நங்கூரம் போட்டு டெண்டர் படகுல ஆளைக் கரை சேர்க்குற இடமா இருந்தா, கொஞ்சம் அலை எழும்பினாலே ரத்து பண்ணிடுவாங்க. அதனால பட்டியல்ல எது படகுல இறங்குற இடம்னு முதல்லயே கேளுங்க, முட்டி வலிக்காரங்க இருந்தா கட்டாயம் கேளுங்க, ஆடுற படகுல இருந்து தாவி ஏறணும், ரப்பர் படகா இருந்தா சில இடத்துல முழங்கால் தண்ணியிலயே இறங்கணும். ஆனா ஒரு நாள் கடல் கண்ணாடி மாதிரி இருக்கு, பக்கத்துல நிக்கிற இன்னொரு கப்பல்ல இருந்து ஆளுங்க ஜாலியா இறங்கிப் போறாங்க, எங்களுக்கு மட்டும் வானிலை காரணம்னு மைக்ல அறிவிப்பு. டெக்ல வேலை செய்யற ஒருத்தர்தான் மெதுவா சொன்னாரு, டெண்டர் இன்ஜின் ரெண்டு நாளாவே ஸ்டார்ட் ஆகல, பார்ட் வரலன்னு. நாள் பூரா தீவை எதிர்ல பாத்துட்டே உக்காந்திருந்தோம். போகாத துறைமுகத்துக்கு நம்மகிட்ட வாங்கின போர்ட் சார்ஜ் எங்கன்னு கேட்டா, அது பேக்கேஜ்ல சேர்ந்ததாம், தனியா பிரிக்க முடியாதாம். புக்கிங் பில்லுல மட்டும் தனி வரியா பிரிச்சு வாங்கத் தெரிஞ்சுது.

ஆத்துக் கப்பல்னா இந்தப் பிரச்சினையே இல்லன்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஐரோப்பாவுல ரைன், டான்யூப் நதியில தண்ணி குறைஞ்சா கப்பல் நகராது, 2018லயும் 2022லயும் ரைன்ல அப்படி ஆச்சு. அந்த மாதிரி நேரத்துல உங்க க்ரூஸ் பஸ் டூரா மாறலாம், அக்ரிமென்ட்ல அதுக்கும் ஒரு வரி இருக்கும். அப்புறம் படித்துறையில இடம் இல்லாம கப்பல்களைப் பக்கத்துல பக்கத்துல ஒட்டிக் கட்டுவாங்க, பால்கனி கதவைத் திறந்தா அடுத்த கப்பல்காரர் துண்டோட நிப்பாரு.

சேஃப்டி டிரில் பத்தியும் சொல்லணும். 2012ல கோஸ்டா கான்கார்டியாங்கிற பெரிய க்ரூஸ் கப்பல் கவுந்து 32 பேரு இறந்த அப்புறம், கப்பல் கிளம்புறதுக்கு முன்னாடியோ கிளம்பின உடனேயோ புதுப் பயணிகளுக்கு டிரில் நடத்தணும்னு சர்வதேச விதியை மாத்தினாங்க, 2015 ஜனவரியில இருந்து அமல். ஆனா அந்த விதி நாடு விட்டு நாடு போற, 12 பேருக்கு மேல பயணிகள் ஏத்துற கப்பலுக்கு. ஒரே நாட்டுக்குள்ள சுத்துற ரூட்னா அந்தந்த நாட்டுச் சட்டம்தான். எங்களோடது அப்படிப்பட்ட ரூட், டிரில் மறுநாள் சாயங்காலம் நடந்துச்சு, லைஃப் ஜாக்கெட்டைக் கையில எடுக்காமயே. அத்தை கேபின் அலமாரியில ஜாக்கெட்டே இல்ல, நாங்க போய்க் கேட்டு வாங்கினோம். நீங்க ஏறின உடனே முதல் வேலையா ஜாக்கெட் இருக்கா, எந்தப் படிக்கட்டு வழியா எங்க போய் நிக்கணும்னு பாத்துடுங்க, அவங்க கூப்பிடட்டும்னு காத்திருக்காதீங்க.

காசு விஷயம் சுருக்கமா. ஆல் இன்க்ளூசிவ்னு இருந்தா எது இல்லன்னு எழுதி வாங்குங்க. டிப்ஸ் தினமும் தலைக்கு இவ்வளவுன்னு தானா கணக்குல ஏறும், வைஃபை தனி, கரையில கூட்டிட்டுப் போற டூர் தனி. ஏறும்போது கார்டைத் தேய்ச்சு வச்சுக்குவாங்க, கடைசி நாள் ராத்திரி கதவு இடுக்குல பில்லு வரும், அதுல பாதி நமக்குப் புரியாது, காலைல இறங்குற அவசரத்துல கேக்கவும் நேரம் இருக்காது. தினமும் ரிசெப்ஷன்ல போய் கணக்கைப் பிரின்ட் எடுத்துக்கோங்க, எங்களுக்கு அப்படி எடுத்ததுல நாங்க போகாத டூர் ஒண்ணு மாட்டுச்சு, எடுத்துட்டாங்க.

புகாரைக் கப்பல்ல இருக்கும்போதே எழுத்துல குடுத்து, வாங்கினதுக்கு கையெழுத்து வாங்கணும். இறங்கின அப்புறம் குடுத்தா, அங்கயே சொல்லியிருந்தா சரி பண்ணியிருப்போமேன்னு ஒரு ரெடிமேட் பதில் வரும். போட்டோ, வீடியோ, அந்த சங்கிலி சத்தம் கூட நான் ரெக்கார்ட் பண்ணி வச்சிருக்கேன். ஐரோப்பிய யூனியன்ல பேக்கேஜா வாங்கினவங்களுக்கு 2018 ஜூலையில இருந்து ஒரு சட்டம் இருக்கு, கிளம்புறதுக்கு முன்னாடி முக்கியமான அம்சத்தை கணிசமா மாத்தினா கேன்சலேஷன் காசு இல்லாம விலகிக்கலாம், கட்டினது திரும்ப வரும். எங்களுக்கு அது பொருந்தல. கார்டுல கட்டினதால மட்டும்தான் ஏதோ ஒரு பிடி இருக்கு, லிஃப்ட் இருக்குன்னு ஏஜென்ட் போட்ட மெயில்தான் அதுல முக்கிய ஆதாரம். போன்ல மட்டும் பேசியிருந்தா ஒண்ணுமே கையில இருந்திருக்காது.

கம்பெனிகிட்ட இருந்து போன வாரம் பதில் வந்துச்சு. வருத்தமாம், அடுத்த பயணத்துக்கு தள்ளுபடி கூப்பன் அனுப்பியிருக்காங்க, ஒரு வருஷத்துக்குள்ள யூஸ் பண்ணணும், கூப்பனை ஏத்துக்கிட்டா புகாரை வாபஸ் வாங்கினதா அர்த்தம்னு கீழ பொடி எழுத்துல இருக்கு. வேண்டாம்னு எழுதி அனுப்பிட்டோம். பேங்க் டாக்குமென்ட் கேட்டிருக்கு, குடுத்திருக்கோம், முடிவு வந்ததும் இங்கயே போடுறேன். வேற யாருக்காச்சும் இதே மாதிரி கடைசி நேரத்துல கப்பலை மாத்தி, அதுக்குப் பணம் திரும்ப வாங்கின அனுபவம் இருந்தா என்ன பேப்பர் குடுத்தீங்கன்னு கமென்ட்ல சொல்லுங்க.