ஈட்டுக்கடன் மாதிரிச் சட்டம்: முழுதாக எடுத்துக்கொண்டால் பயன்தரும் வரைவு

ஐக்கிய நாடுகளின் சர்வதேச வணிகச் சட்ட ஆணையமான அன்சிட்ரால் 2016-இல் ஏற்றுக்கொண்ட ஈட்டுக்கடன் மாதிரிச் சட்டம், நிலமோ கட்டடமோ இல்லாத தொழில்முனைவோரும் தம்மிடமுள்ள இயந்திரத்தையும் சரக்கையும் தமக்கு வரவேண்டிய தொகைகளையும் ஈடாக வைத்துக் கடன் பெற வழிசெய்யும் வரைவு. தம் கடன் சட்டத்தைத் திருத்த முனையும் நாடுகளுக்கு இதை ஒரு நிபந்தனையுடன் பரிந்துரைப்பேன்: ஈடுகளைப் பதிந்து யாரும் தேடிப் பார்க்க வழிசெய்யும் பதிவகத்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடகு, சொத்தைக் கடன் வாங்குபவரே வைத்துக்கொண்டு அதை ஈடாகக் காட்டும் ஹைப்பாதிகேஷன், விலை முழுதும் தீரும்வரை உரிமையை விற்பவரே வைத்துக்கொள்ளும் விற்பனை எனச் சிதறிக் கிடக்கும் ஏற்பாடுகளை, பெயரைப் பாராமல் அவை செய்யும் வேலையைப் பார்த்து, இது ஒரே வகை ஈட்டுரிமையாக, அதாவது கடன் தீராவிட்டால் ஈட்டுச் சொத்திலிருந்து தொகையைப் பெறும் உரிமையாக, கொள்கிறது. பெயரை மாற்றி எழுதி விதியிலிருந்து நழுவ இனி இடமில்லை.

இதன் உயிர்நாடி பதிவகமே. ஒப்பந்தத்தைத் தாக்கல் செய்ய வேண்டியதில்லை. ஈடு கொடுப்பவர், கடன் தருபவர், சொத்தின் விவரம் ஆகியவற்றைச் சொல்லும் சுருக்கமான அறிவிப்பு போதும். ஒப்பந்தம் ஏற்படும் முன்பே அதைப் பதியலாம்; ஆனால் ஈடு கொடுப்பவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாத பதிவு செல்லாது. ஒரே சொத்தின்மீது பலர் உரிமை கோரினால், பெரும்பாலும் யார் முந்திப் பதிந்தார் என்பதே முன்னுரிமையைத் தீர்மானிப்பதால், அடுத்துக் கடன் தருபவர் பணத்தை விடுவிக்கும் முன்பே தம் நிலையை அறிந்துகொள்கிறார். ஈடு கொடுப்பவரின் பெயரில் நேர்ந்த பிழையால், சரியான பெயரில் தேடுபவருக்கு அறிவிப்பு அகப்படாமல் போனால் அப்பதிவு பயனற்றதாகிவிடும். பதிந்தவருக்கு இது கடுமையான விதிதான். ஆயினும் தேடிப் பார்த்து நம்பியவரைக் காக்காத பதிவகத்தை யார் மதிப்பார்கள்?

கடன் தவறும்போது நீதிமன்றம் செல்லாமலே சொத்தைக் கைப்பற்றலாம். அதற்கு முன்கூட்டிய எழுத்துப்பூர்வ சம்மதமும் உரிய அறிவிப்பும் தேவை. சொத்தை வைத்திருப்பவர் அவ்வேளையில் மறுத்தால் எடுக்க முடியாது. இந்தச் சமநிலை எனக்கு நிறைவளிக்கிறது.

குறையென்று சொன்னால், சட்டப்படி முந்தும் பிற கோரிக்கைகளின் பட்டியலை ஒவ்வொரு நாடும் நிரப்பிக்கொள்ள விட்டிருப்பதுதான். தொகை வரம்பும் குறிக்கச் சொல்கிறது என்றாலும், வரிப் பாக்கி முதலியவற்றைத் தாராளமாகச் சேர்க்கும் நாட்டில் பதிவின் வரிசைக்குப் பொருளில்லாமல் போகும். பழைய ஈட்டுரிமைகள் புதிய முறைக்கு மாறுவதற்கான அவகாசமும் அவ்வாறே அந்தந்த நாட்டின் முடிவுக்கு விடப்பட்டுள்ளது. பதிவகம் உண்மையில் இயங்கத் தொடங்கும் நாளிலிருந்தே அதைக் கணக்கிட வேண்டும். இல்லையெனில் பதிய இடமே இல்லாத காலத்தில் முன்பே கடன் தந்தவர்களின் முன்னுரிமை கரைந்துவிடும்.